நான்கு முட்டையும் கூமுட்டை

பறவை மடல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மீன் தின்னும் பூமன் ஆந்தையைப் பற்றி எழுதும்போது, "எங்கள் கூண்டில் ஒரே கூட்டில் நான்கு முட்டை கிடந்தது" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் மற்ற பறவைகள் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விவரம்: நான் பத்தொன்பது வருடம் ஓர் உயிரியல் பூங்காவில் இரவுப் பறவைகளின் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவள். அதில் பதினோரு வருடம் பூமன் ஆந்தைகளோடு கழிந்தது.

கேள்வி: அம்மா, நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பூமன் ஆந்தை ஒன்றோ இரண்டோதான் முட்டையிடும் என்று படித்தேன். உங்கள் கூண்டில் நான்கு எப்படி வந்தது?
— ஒரு மாணவி

பதில்: நீங்கள் படித்தது சரிதான், மகளே. நான்கு என்று எண்ணியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அன்று எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

அந்த இரண்டு பறவைகளும் காயத்தோடு வந்தவை. ஒன்றுக்குச் சிறகெலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. இன்னொன்றுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. இரண்டையும் இனி காட்டில் விடமுடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரிய கூண்டுக்கு மாற்றினோம். ஆந்தைகளில் பெரும்பாலும் பெண் பெரிது, ஆண் சிறிது. இவற்றில் சிறகு ஒடிந்தது பெரியது, ஒற்றைக் கண் கொஞ்சம் சிறியது. எனவே பெரியதைப் பெண் என்றும் சிறியதை ஆண் என்றும் பதிவேட்டில் எழுதிவிட்டோம். பூமன் ஆந்தையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகு நிறத்தில் வித்தியாசம் கிடையாது. எடையோ 1.1 கிலோவிலிருந்து 2.5 கிலோ வரை போகும். அவ்வளவு அகலமான வீச்சில், நன்றாகத் தின்ற ஓர் ஆண் இளைத்த பெண்ணைவிடக் கனமாக இருக்கலாம். எடையை மட்டும் வைத்து ஆண், பெண் என்று முடிவு கட்டியது எங்கள் தவறு.

இரண்டும் நெருக்கமாகத்தான் இருந்தன. ஒன்றன் தலையை ஒன்று கோதிவிடும். அந்திக்கு இரண்டும் சேர்ந்து குரல் கொடுக்கும். முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருடம் இரண்டு முட்டை வந்தது, ஐம்பது நாள் உட்கார்ந்தும் பொரிக்கவில்லை. ஆணுக்கு வயது போதாது என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் வருடம் தை மாதத்தில் நான்கு. இரண்டும் ஒரே கூட்டில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து அடைகாத்தன. நான் குறிப்பேட்டில் "ஆணும் அடைகாக்கிறது" என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

நாள் கடந்ததும் நான்கையும் எடுத்து ஒரு துண்டின்மேல் வரிசையாக வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நரம்பு இழைகூட இல்லை. வெறும் மஞ்சள் வெளிச்சம். எல்லாம் கூமுட்டை. அப்போதுதான் அவற்றின் வடிவத்தைக் கவனித்தேன். இரண்டு முட்டை பந்துபோல உருண்டை. மற்ற இரண்டும் ஒரு முனை சற்றே நீண்டவை. விரலால் தடவினால் உருண்டையின் ஓடு வழவழப்பு, நீண்டதன் ஓடு மாக்கல்போல லேசான சொரசொரப்பு. ஒரே தாய் இட்ட முட்டைகள் பொதுவாக ஒரே ஜாடையில் இருக்கும். இங்கே இரண்டு ஜாடை கிடந்தது. தாயும் இரண்டு. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடுவதுபோல இரண்டு பெண்களும் ஆளுக்கு இரண்டு இட்டிருக்கின்றன.

வேரோடு பிடுங்கிய இறகை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. இரண்டு குரோமோசோமிலும் இருக்கும் ஒரே மரபணு நீளத்தில் கொஞ்சம் வித்தியாசப்படும். அதைப் பெருக்கிப் பார்த்தால் ஆணுக்கு ஒரு பட்டை தெரியும், பெண்ணுக்கு இரண்டு. 1998-ல் இந்த முறை வெளிவந்த பிறகுதான் இது எல்லாருக்கும் எளிதானது. அதற்கு முன்பு மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். எங்கள் முடிவு வந்த தாளில் இரண்டு பெயருக்கும் நேராக "பெண்" என்று இருந்தது.

நீங்கள் மருத்துவராகப் போகிறவர். எந்த ஆந்தை ஜோடியையும் முதல் நாளே சோதித்துவிட்டுப் பிறகு ஜோடி என்று எழுதுங்கள். எனக்கு மூன்று பருவம் வீணானது.

கேள்வி: அப்படியென்றால் உண்மையான ஆண் வந்த பிறகு உடனே குஞ்சு பொரித்ததா? நானும் பறவைக் கூண்டுகளில் வேலை பார்ப்பவன்தான். எங்களிடம் உள்ள வேறோர் ஆந்தை ஜோடி சோதனைப்படி ஆணும் பெண்ணும்தான். நான்கு வருடமாக ஒரு முட்டையும் இல்லை.
— ஒரு காப்பாளர்

பதில்: இல்லை தம்பி. ஆண் வந்த பிறகும் இரண்டு வருடம் வெறுங்கூடுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த இரண்டு வருடம் அப்படியே நினைவுக்கு வந்தது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒற்றைக் கண்ணியைத் தனிக் கூண்டுக்கு மாற்றினோம். சிறகு ஒடிந்தவளின் பக்கத்துக் கூண்டில் ஆணை விட்டு, நடுவே கம்பிவலை வைத்து நாற்பது நாள் பார்த்தோம். ஒன்றையொன்று சீறவில்லை. வலையைத் திறந்தோம். சண்டை வரவில்லை, உறவும் வரவில்லை. ஒன்று கிழக்கு மூலையில், ஒன்று மேற்கு மூலையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்நியர்களைப்போல உட்கார்ந்திருந்தன. மரப்பெட்டி மாற்றிப் பார்த்தோம், தாங்குகட்டைகளை மாற்றிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

உணவு கொடுத்த விதத்தை மட்டும் நாங்கள் யோசிக்கவே இல்லை. மாலை ஐந்து மணிக்கு இரண்டு தட்டு, ஆளுக்கு ஒன்று. போட்டி வந்து ஒன்று பட்டினி கிடக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது அது. ஒரு நாள் உதவிக்கு வரும் பையன் அவசரத்தில் ஆண் பக்கத்துத் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஆண் ஒரு மீனை எடுத்து, தலையைத் தின்றது. மிச்சத்தை அலகில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பறந்து வந்து பெண் இருந்த கட்டையின் ஓரத்தில் இறங்கியது. உடம்பைத் தாழ்த்தி, அலகை முன்னால் நீட்டி, அசையாமல் நின்றது. அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. குஞ்சு பசிக்கு இழுத்து இழுத்துக் கத்துமே, அந்தச் சத்தம், வளர்ந்த பறவையின் தொண்டையிலிருந்து. கழுத்தை நீட்டி மீனை வாங்கிக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து ஆண் இன்னொரு மீனோடு வந்தது.

நான் அந்தப் பதிவை ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். ஆந்தைக் குலத்தில் பல இனங்களில் ஆண் இரை கொண்டுவந்து கொடுப்பதுதான் கூடலுக்கு முன்னோடி என்பது எனக்குத் தெரியும். ஏட்டில் படித்தது கண்முன் நடந்தபோதுதான், நாங்களே அந்த ஆணின் கையிலிருந்த வேலையைப் பிடுங்கி வைத்திருந்தோம் என்று புரிந்தது. அவள் வயிறு தினமும் ஐந்து மணிக்கு எங்களால் நிறைந்துவிடுகிறது. வாரக்கணக்கில் கூட்டைவிட்டு நகராமல் உட்கார வேண்டியவள் அவள். சோறு போடுவானா என்று தெரியாத ஒருவனை நம்பி எப்படி உட்காருவாள்?

அன்றிலிருந்து இரண்டு தட்டையும் எடுத்துவிட்டேன். ஆண் வழக்கமாக உட்காரும் கோடியில் ஆழமில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, மீன்களை அதற்குள் போட்டோம். செத்த மீன்தான், ஆனாலும் தண்ணீருக்குள் கால் வைத்து எடுக்க வேண்டும். பூமன் ஆந்தையின் கால் அதற்கென்றே அமைந்தது. காலில் இறகு கிடையாது, விரல்களின் அடியில் முள் முள்ளாகச் செதில் இருக்கும். வழுக்கும் மீன் அதிலிருந்து நழுவாது. சிறகு ஒடிந்தவளால் அந்தக் கோடிக்குச் சட்டென்று போக முடியாது, கட்டை கட்டையாகத் தாவித்தான் போக வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவளைப் பட்டினி போட்டுப் பரீட்சை பார்க்கவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டோம். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஆண் கொண்டுபோகவில்லை என்றால் மூன்றாம் நாள் அவள் கட்டையிலேயே மீன் வைத்தோம். அப்படி வைக்க வேண்டிவந்தது மொத்தமே இரண்டு முறைதான். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் தவறாமல் கொண்டுபோனான். பிறகு அந்தியில் இருவரும் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். கூப்பிடும்போது தொண்டையில் உள்ள வெள்ளைத் திட்டு பொங்கி நிற்கும். இருட்டில் அந்த வெள்ளை மட்டும் எழுந்து அடங்குவது தெரியும்.

கூடல் நடக்க அகலமான, ஆடாத கட்டை வேண்டும். ஒரு சிறகு சரியில்லாதவளால் சமநிலை பிடிக்க முடியாது. உருளைக் கட்டையை எடுத்துவிட்டு, பாதி பிளந்த அடிமரம் ஒன்றைத் தாழ்வாகப் போட்டோம். கூட்டுக்கு நாங்கள் ஆசை ஆசையாகச் செய்த மரப்பெட்டியை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பின்சுவரில் இருந்த செங்கல் திட்டுதான் அவளுக்குப் பிடித்தது. ஆந்தைகள் பெரும்பாலும் கூடு கட்டுவதில்லை. இந்த இனம் பருந்தோ கழுகோ விட்டுப்போன பழைய கூடு, பாறைத் திட்டு, மரப்பொந்து என்று கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். நாங்கள் அந்தத் திட்டில் ஒரு தட்டு வைத்து மணலும் சுள்ளியும் போட்டுக்கொடுத்தோம். தொட்டி வைத்து ஒன்பதாவது வாரம் முதல் முட்டை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அதே வருடம் பார்வையாளர் நடைபாதைப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டி மறைத்திருந்தோம். எது காரணம், தட்டியா தொட்டியா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தட்டி கட்டி ஐந்து மாதம் எதுவும் நடக்கவில்லை, தொட்டி வைத்த பிறகுதான் நடந்தது. உங்கள் ஜோடிக்கு எப்படி உணவு வைக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள் தம்பி. பெண்ணுக்குத் தனித் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு, ஆணின் பக்கம் மட்டும் வையுங்கள். எடைக் குறிப்பு இல்லாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆந்தை முட்டை ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? புள்ளியே இல்லையே!
— ஏழாம் வகுப்பு வாசகர்

பதில்: புள்ளியும் நிறமும் முட்டையை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்க. இருட்டுப் பொந்துக்குள் இடும் முட்டைக்கு அந்த மறைவு தேவைப்படவில்லை. கிளி, மீன்கொத்தி, மரங்கொத்தி முட்டைகளையும் பார், எல்லாம் வெள்ளை. ஆந்தைகளில் திறந்த இடத்தில் முட்டையிடுபவையும் உண்டு. ஆனால் அங்கே தாய் அநேகமாக முட்டையை விட்டு நகர்வதே இல்லை. அவள் உடம்புதான் மூடி.

கேள்வி: இரண்டு குஞ்சு பொரித்து ஒன்று செத்துப்போனது என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? மனம் கேட்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.
— ஒரு வாசகி

பதில்: எனக்கும் மனம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் மூன்று நாள் இடைவெளி. கோழி எல்லா முட்டையும் இட்டு முடித்துத்தான் அடையில் உட்காரும், அதனால் குஞ்சுகள் ஒன்றாக வெளிவரும். ஆந்தை முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்துவிடும். எத்தனை நாள் இடைவெளியில் இட்டதோ ஏறக்குறைய அத்தனை நாள் இடைவெளியில் பொரிக்கும். மூத்தது மூன்று நாள் தின்று கொழுத்த பிறகுதான் இளையது ஓட்டைவிட்டு வரும். இரை நிறைய இருந்தால் இரண்டும் பிழைக்கும். குறைந்தால் மூத்தது மட்டுமாவது மிஞ்சும்.

பூமன் ஆந்தைக்கு அடைகாலம் 38 நாள் அளவில் என்பார்கள். எங்களுக்கு 37-ஆம் நாள் இரவு முதல் ஓட்டில் கீறல் விழுந்தது. கேமராவில் ஒலியும் வரும். கீறலுக்கு முன்பே முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம், அதற்குத் தாய் தொண்டைக்குள்ளேயே பதில் சொன்னது. அந்த 37 நாளும் அவள் ஒருத்திதான் உட்கார்ந்தாள். தினம் இரவில் ஓரிரு முறை எழுந்து ஐந்து நிமிடம் போய்விட்டு வருவாள். ஆண் ஒரு தடவைகூட முட்டைமேல் உட்காரவில்லை, திட்டின் ஓரத்தில் மீனை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். முன்பு நான் அடிக்கோடிட்டு எழுதியிருந்த "ஆணும் அடைகாக்கிறது" என்ற வரியைத் தேடிப்போய், பக்கத்தில் தேதி போட்டு, "இது தவறு, அது பெண்" என்று சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

இளையது நான்கு நாள் இருந்தது. தாய் மீனைக் கிழித்துக் கொடுக்கும்போது யார் தலை உயரமாக நீள்கிறதோ அங்கேதான் முதல் துண்டு போகும். மூத்தது தூங்கினால்தான் இளையதற்கு முறை. மூன்றாம் நாள் இரவு அதன் தலை எழும்பவே இல்லை. எடுத்துவிடலாமா என்று நானும் மருத்துவரும் விடியும்வரை பேசினோம். எடுக்கப்போனால் அவள் மூத்ததையும் மிதித்துவிட்டு எழுந்து ஓடக்கூடும். முதல்முறைத் தாய், அவள் எப்படி நடந்துகொள்வாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இருந்த ஒன்றைப் பணயம் வைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. காலையில் இளையது அடங்கிவிட்டது. அவளே அதை அலகால் எடுத்து மூத்ததற்குக் கிழித்துக் கொடுத்தாள். கேட்கக் கொடுமைதான். அதில் அவளுக்குப் பகையும் இல்லை, துக்கமும் இல்லை. கூட்டில் இருந்த உணவு அது.

அடுத்த வருடம் குஞ்சு பொரித்த நாளிலிருந்து தொட்டியில் மீனை இரண்டு மடங்காக்கி, நள்ளிரவிலும் ஒருமுறை நிரப்பினோம். ஆண் விடியும்வரை கொண்டுவந்தான். மூத்தது வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கும் நேரம் கூடியது, இளையது தலை தூக்கியது. இரண்டும் ஏழு வாரத்தில் திட்டைவிட்டு இறங்கின.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்து, குஞ்சைக் கையால் வளர்த்தால் இரண்டும் பிழைக்குமே. பெண்ணும் மறுபடி முட்டையிடுமே.
— ஒரு பொறியாளர்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, அதைச் சில இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் பல ஆந்தைகள் மறு ஈடு இடும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் வடக்குப் புள்ளி ஆந்தைக்கென்று 2007-ல் தொடங்கிய இனப்பெருக்க மையம் ஒன்று இருக்கிறது. முட்டையைப் பொரிப்பானில் வைப்பார்கள். குஞ்சு கொஞ்சம் தேறியதும் தாய் தந்தையிடமே திருப்பி வைத்துவிடுவார்கள். அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம்.

பொரிப்பானில் 37.5 டிகிரி அளவில் வெப்பம், முட்டையைத் திருப்பிக்கொண்டே இருப்பது, தினமும் எடை பார்ப்பது, எல்லாம் கற்றுக்கொள்ளலாம். இட்ட நாளிலிருந்து கீறல் விழும்வரை முட்டை தன் எடையில் சுமார் 15 சதவீதம் இழக்க வேண்டும். ஈரப்பதம் கூடினால் குஞ்சு தண்ணீரில் மூழ்கியதுபோல உள்ளேயே திணறும், குறைந்தால் சவ்வு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

கண் திறந்ததும் முன்னால் தெரியும் முகத்தை என்ன செய்வீர்கள்? சோறு ஊட்டும் முகம்தான் தன் இனம் என்று குஞ்சின் மனதில் பதிந்துவிடும். நாங்கள் எடுத்து வளர்த்ததல்ல, யாரோ வீட்டில் கைப்பழக்கமாக வளர்த்துப் பறிமுதலான, நம் ஊர்ச் சின்னப் புள்ளி ஆந்தை ஒன்று எங்களிடம் வந்தது. ஆண். பருவம் வந்ததும் எதிர்க் கூண்டிலிருந்த பெண்ணை அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் உள்ளே போனால் கரப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து என் தோளில் உட்கார்ந்து, காதுக்குள் திணிக்கப் பார்க்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சுவார்கள், எனக்கு நெஞ்சு அடைக்கும். அதற்குக் கொடுக்கத் தெரியும், யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் மனிதக் கை மாற்றி எழுதிவிட்டது. ஒன்பது வருடம் இருந்தது. ஒரு ஜோடியும் சேரவில்லை.

ஆகவே வழியே இல்லை என்றால் பொரிப்பான். பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆந்தையிடமே குஞ்சு திரும்ப வேண்டும்.

கேள்வி: எங்கள் பொறுப்பில் உள்ள மீன் தின்னும் ஆந்தை ஒன்று தலையை முதுகுப் பக்கம் வளைத்து மேலே பார்த்தபடி நிற்கிறது, சில நேரம் தடுமாறி விழுகிறது. உறைய வைத்த கெண்டை மட்டுமே கொடுக்கிறோம். இனப்பெருக்கத்தைப் பாதிக்குமா?
— இன்னொரு காப்பாளர்

பதில்: முட்டையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே பறவையை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைக் காயம், நச்சு என்று வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய உணவைப் பார்த்தால் முதல் சந்தேகம் தயாமின் குறைவு, அதாவது பி1 வைட்டமின். கெண்டைக் குடும்ப மீன்கள் பலவற்றிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயாமினைச் சிதைக்கும். உறைபெட்டியில் மீன் கிடக்கும் நாளிலும் அந்தச் சிதைவு நிற்பதில்லை. மீன் தின்னும் விலங்குகளுக்கு ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயாமின் சேர்ப்பது பல பூங்காக்களில் வழக்கம். மாத்திரையைக் கொடுக்கும் நேரத்தில் மீனின் செவுளுக்குள் செருகிவிடுங்கள். முன்கூட்டியே செருகி வைத்தால் நொதி அதையும் தின்றுவிடும். அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். மீன் வகையையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். முள்ளோடு, குடலோடு முழு மீனாகக் கொடுங்கள். குஞ்சுக்குச் சுத்தம் செய்த சதை மட்டும் ஊட்டினால் கால் எலும்பு வில்லாக வளைந்துவிடும்.

கேள்வி: தோட்டத்தில் ஓர் ஆந்தைக் குஞ்சு விழுந்து கிடக்கிறது. வளர்த்து, பிறகு ஒரு துணை தேடிச் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்திய ஆந்தை எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சட்டம் இருக்கட்டும், அது அநாதையாகவும் இருக்காது. பல ஆந்தைக் குஞ்சுகள் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிக் கிளைகளில் திரியும், தவறி விழவும் செய்யும். காயம் இல்லை என்றால், நாய் பூனை எட்டாத உயரத்தில் அருகிலுள்ள கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இருட்டியதும் தாய் குரல் கேட்டு வரும். ரத்தமோ, தொங்கும் சிறகோ தெரிந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: தொடர்ந்து படித்துவருகிறேன். ஆனால் ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைப் பற்றிப் பேசுவது சரியா? நாளை யாராவது இதை மேற்கோள் காட்டினால்?
— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களை வணங்குகிறேன் ஐயா. ஒரு ஜோடி செய்ததை ஓர் இனத்தின் வழக்கம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் "எங்கள் ஆண் உட்காரவில்லை" என்று எழுதினேன், "பூமன் ஆந்தையில் ஆண் உட்காராது" என்று எழுதவில்லை.

ஆனால் இந்தப் பறவையின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். ஆற்றோரத்தில் இரண்டடி உயரத்துக்கு நிற்கும் பறவை. பெரிய உருவம், ஊரை எழுப்பும் குரல். அப்படியிருந்தும் துருக்கியில் அது கூடு வைத்துக் குஞ்சு பொரிப்பது 2009-ல்தான் உறுதியானது. கூட்டுக்குள் ஆணும் பெண்ணும் என்ன செய்கின்றன என்று இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் வெகு சிலரே. கூண்டு வைத்திருப்பவர்கள் தங்கள் ஒரு ஜோடியைப் பற்றி எழுதாவிட்டால், ஒன்றும் ஒன்றும் சேர்ந்து பத்தாவது எப்போது?

எழுதும்போது மூன்றை மட்டும் கறாராகப் பிரித்துக்கொள்ளச் சொல்லி இளைய காப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணால் கண்டது ஒரு பத்தி. அதற்கு நாமாகச் சொல்லும் காரணம் இன்னொரு பத்தி. அன்று வேறு என்ன மாறியது என்பது மூன்றாவது பத்தி: தட்டி கட்டியது, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடியது, புதுக் காப்பாளர் வந்தது, மழை. என் பழைய ஏடுகளில் முதல் மூன்று வருடம் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன, அதனால்தான் இல்லாத ஆண் ஒன்று அங்கே அடைகாத்துக்கொண்டிருக்கிறது. கூமுட்டைகளையும் எழுதுங்கள். நீளம், அகலம், எடை, எந்த நாள் எடுத்தது, உடைத்தபோது உள்ளே என்ன இருந்தது என்பது வரை. அந்த நான்கின் அளவுகளையும் நான் எடுத்துவைத்திருந்ததால்தான், பின்னால் சிறகு ஒடிந்தவளே இட்ட நல்ல முட்டைகளோடு ஒப்பிட்டு, உருண்டைகள் இரண்டும் அவளுடையவை என்று கண்டுகொண்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் ஐயா. என் ஏடுகள் ஏழும் இப்போது வீட்டில் இருக்கின்றன. 37-ஆம் நாள் இரவின் பக்கத்தில் மழை ஒழுகி மை பரவியிருக்கிறது, நேரங்கள் சில எனக்கே படிக்க முடியவில்லை. கேமராப் பதிவோடு வைத்துச் சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். உங்களுக்கு நேரம் இருந்தால் ஆசிரியர் குழு வழியாக எழுதுங்கள். படி எடுத்து அனுப்புகிறேன்.